தேவகி திறந்த மஞ்சள் முக்கோணம்

"நெட் போயிடுச்சு. சாயங்காலத்துக்குள்ள வந்துடும்" என்றேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப் திறந்து கிடந்தது. அடுப்பில் சூரைமீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கையில் கரண்டியோடு என் மனைவி தேவகி பக்கத்தில் வந்து நின்று திரையை எட்டிப் பார்த்தாள். கீழ் மூலையில் வைஃபை சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ ஓர் உருண்டை இருந்தது.

அந்தமானில் வளர்ந்தவன் எவனாக இருந்தாலும் அந்த நேரத்தில் இதைத்தான் சொல்லியிருப்பான். மெயின்லேண்டில் வைஃபை வரவில்லை என்றால் முதலில் மெஷினைப் பார்ப்பார்கள். நாங்கள் வானத்தைப் பார்ப்போம். மழையா, காற்றா, கடலுக்கு அடியில் கேபிளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று நாலு வார்த்தை பேசிவிட்டு, காயப்போட்ட துணியை எடுக்கப் போய்விடுவோம். மெஷின் மேல் சந்தேகமே வராது. இத்தனை வருஷமாக நெட் எங்களுக்குக் கொடுத்த பழக்கம் அது.

"செவ்வாக்கிழமை மூணு மணிக்கு இருக்கும்தானே?" என்று கேட்டாள் தேவகி.

"அதுக்குள்ள பத்து தடவை வந்து போயிடும். நீ குழம்பைப் பாரு."

அந்த லேப்டாப்பை ஃபார்மட் அடித்து, சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றி முடித்துப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை. ஏற்றியவன் நான்தான். அவளுடைய செவ்வாய்க்கிழமைக்கு மெஷின் வேகமாக இருக்கட்டும் என்று, யாரும் கேட்காமலே நானாகச் செய்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி அன்று சௌல்தாரியில் என் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தான்.

செவ்வாய் மூன்று மணி

அந்த மூன்று மணி என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் கற்றுக்கொடுக்கும் ஒரு நிறுவனம். தேவகி அதற்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். செவ்வாய் மூன்று மணிக்கு ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். பாடப் பலகையைப் பகிர வேண்டியிருப்பதால் போனில் எடுக்கக் கூடாது, லேப்டாப் கட்டாயம். குறித்த நேரத்தில் வராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும், மறுபடி நேரம் தரமாட்டோம் என்று மெயிலிலேயே எழுதியிருந்தார்கள்.

அவளுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. கல்யாணத்துக்குப் பிறகு தபாலில் தமிழ் பி.ஏ. படித்தாள். பாட்டுப் பாடி, கதை சொல்லி, எங்கள் தெருப் பிள்ளைகள் பாதிப்பேருக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவள். ஆனால் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை கிடைக்கவில்லை. முதலில் "ட்ரெயினிங் சர்டிஃபிகேட் இருக்கா?" என்றார்கள். பிறகு "ஏஜ் பார் ஆயிடுச்சு மேடம்" என்றார்கள். விண்ணப்பத்தில் வயதைக் கேட்காத முதல் இடம் இதுதான். ஒரு மாதமாக அவள் நோட்டுப் புத்தகம் அடுக்களையிலும் இருந்தது, துவைக்கிற கல் மேலும் இருந்தது.

எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் ஃபார்மட் அடித்தேன்.

என் பொக்கிஷம்

நான் ஃபீனிக்ஸ் பேயில் தீவுப் படகுகளுக்கு டிக்கெட் கொடுக்கும் கவுண்டரில் வேலை பார்த்தவன் என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஹேவ்லாக் தீவுக்குப் போகிற உல்லாசப் பயணி முதல் வாத்துக் கூடையோடு ஊர் திரும்புகிற கிழவர் வரை எல்லோரும் என் ஜன்னலுக்குள் கையை நீட்டித்தான் ஆக வேண்டும். அங்கே எனக்கு இன்னொரு பெயரும் உண்டு. "முத்து பாய் டெக்னிகல் ஆத்மி ஹை", முத்து அண்ணன் டெக்னிகல் ஆள் என்பார்கள். ஒரு காலத்தில் ஆபீஸ் பிரிண்டரை நான் ஒரு தட்டுத் தட்டி ஓடவைத்தேன். அதிலிருந்து வந்த பட்டம்.

பட்டத்துக்கு ஆதாரமாக என்னிடம் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது.

கேபிள் வருவதற்கு முன்னால் இங்கே நெட் எப்படி இருந்தது என்று இப்போது சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரு போட்டோ திறப்பதற்குள் சோறு வடித்துவிடலாம். அதனால் யாராவது மெயின்லேண்டுக்குக் கிளம்புகிறார்கள் என்றால் ஊரே அவரிடம் பென் டிரைவைக் கொடுத்துவிடும். "சென்னை போறீங்களா? அப்படியே இதுல கொஞ்சம் இறக்கிட்டு வாங்களேன்." அவரும் மாமனார் வீட்டிலோ பிரௌசிங் சென்டரிலோ உட்கார்ந்து படம், பாட்டு, சாஃப்ட்வேர் என்று இறக்கி, கப்பலில் மூன்று நாள் மடியில் வைத்துக் கொண்டுவருவார். பலாப்பழம் கொண்டுவருவது மாதிரி டவுன்லோடு கொண்டுவந்த ஊர் இது.

அப்படி வந்ததில் எல்லோரும் படத்தை எடுத்துக்கொள்வார்கள். நான் டிரைவர்களை எடுத்துக்கொள்வேன். டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் இல்லை. லேப்டாப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் "நீ இப்படி வேலை செய்" என்று சொல்லித்தருகிற சின்ன மென்பொருள். அது இல்லாவிட்டால் உறுப்பு இருக்கும், உயிர் இருக்காது. பிரிண்டருக்கு, ஒலிக்கு, வைஃபை கார்டுக்கு என்று பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்து, உப்புக்காற்றுப் படாமல் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்திருந்தேன். யார் வீட்டு மெஷின் மக்கர் செய்தாலும் என் டிஸ்க்கோடு போவேன். டீயும் சமோசாவும் கிடைக்கும். மரியாதையும் கிடைக்கும், பொய் சொல்லக் கூடாது.

திங்கள் சாயங்காலம்

திங்கட்கிழமை ட்யூட்டி முடிந்து, ஏழு மணி பஸ்ஸில் சௌல்தாரி வந்து சேர்ந்தேன். தேவகி காபிகூடக் கொடுக்காமல் தன் போனை நீட்டினாள். கச்சால் தீவில் இருக்கும் அவள் தங்கை அனுப்பிய வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"இது நம்ம வைஃபையிலதான் ஓடுது" என்றாள். "அப்ப நெட்டு வந்துக்கிட்டுத்தான் இருக்கு. லேப்டாப்புக்குத்தான் வரல. விளங்குதா?"

'விளங்குதா' என்பது அவள் பிறந்த வீட்டுச் சொல். அவள் அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி, கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டக் குடிவைக்கப்பட்டவர். சுற்றிலும் நிக்கோபாரிகள், வெளியே வந்தால் ஹிந்தி. ஆனாலும் அந்தத் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் தமிழை ஒரு சொல் சிந்தாமல் பேசினார்கள். என் தமிழ் ராமநாதபுரத்துத் தாத்தாவிடமிருந்து வந்து, படகுத்துறையில், எங்கள் பேச்சில் ஜெட்டியில், பாதி ஹிந்தியானது. கல்யாணமான புதிதில் நான் "சாய் பனா" என்றால் அவள் "தேத்தண்ணி போடுறேன்" என்பாள்.

அவள் சொன்னது விளங்கியது. வெட்கமாகவும் இருந்தது. ஒரு முழு நாளை வானத்தைப் பார்த்தே வீணாக்கியிருந்தேன். லேப்டாப்பில் உறுப்புகளின் பட்டியலைத் திறந்தேன். 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற வரிக்கு முன்னால் ஒரு மஞ்சள் முக்கோணம், அதற்குள் ஆச்சரியக்குறி.

"ஒண்ணுமில்ல, டிரைவர் போயிடுச்சு. ஃபார்மட் அடிச்சா அப்படித்தான். நம்ம பொக்கிஷத்துல இல்லாததா?" என்று பீரோவைத் திறந்தேன்.

முதல் டிரைவரைப் போட்டேன். ஏறவில்லை. இரண்டாவது ஏறியது, முக்கோணம் போகவில்லை. லேப்டாப்பின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து, இந்தக் கம்பெனிக்கு இந்தக் கார்டுதான் என்று நானே முடிவுகட்டி ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒன்பதாவதோ பத்தாவதோ போட்டபோது ஸ்பீக்கரும் ஊமையானது. பழைய காலத்து மெஷின்களுக்குச் சேர்த்த மருந்தை இன்றைய நோயாளிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். நெட் ஒயரை நேரடியாகச் சொருகலாம் என்றால் இந்த ஒல்லி லேப்டாப்புகளில் அதற்கு ஓட்டையே இல்லை.

தேவகி மெதுவாகக் கேட்டாள். "அந்த முக்கோணத்துக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு திறந்து பார்த்தீங்களா?"

"உனக்கு என்ன தெரியும் இதைப் பத்தி? பேசாம இரு" என்றேன்.

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த வார்த்தையை இன்று வரை நான் மறக்கவில்லை, அவள் மறந்திருக்கலாம்.

கப்பலில் வரும் பென் டிரைவ்

செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. காலை எட்டு மணிக்கு, கமுகு மரங்களுக்கு நடுவில் மழை தூறிக்கொண்டிருந்தபோது, நான் சென்னையில் இருக்கும் ஒரு நண்பருக்கு மெசேஜ் எழுதிக்கொண்டிருந்தேன். லேப்டாப் மாடலின் பெயரை எழுதி, "இதற்கு வைஃபை டிரைவர் இறக்கி, கப்பலில் யாராவது வந்தால் பென் டிரைவில் கொடுத்துவிடவும்" என்று முடித்திருந்தேன். தேவகி தோள் பக்கத்திலிருந்து படித்துவிட்டாள்.

"கப்பல் எப்பங்க வரும்?"

"இன்னிக்குக் கிளம்பினா வெள்ளிக்கிழமை."

"கிளாசு இன்னிக்கு மூணு மணிக்கு."

நான் அனுப்பும் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன்.

"சரி, அவரு அந்த ஃபைலை எங்கேருந்து எடுப்பாரு?"

"நெட்லேருந்துதான்."

"அந்த நெட்டு நம்ம போன்லயும் இருக்கே?"

இதைப் படிக்கிற மெயின்லேண்ட் வாசகர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பெரிய ஃபைல் என்றால் அது கப்பலில்தான் வரும் என்று பன்னிரண்டு வருஷம் பழகிய மூளை, கேபிள் வந்த பிறகும் ஜெட்டியிலேயே காத்துக்கொண்டு நின்றது. நான் மெசேஜை அழித்தேன்.

"நகருங்க, நான் பார்க்குறேன்" என்றாள் தேவகி.

அவள் மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தைக்கூடக் கடைசி வரி வரை படிப்பவள். முதல்நாள் உள்ளே போனவள் கோபித்துக்கொண்டு படுக்கவில்லை. போனில் ஒரு பிஹார்க்காரர் ஹிந்தியில் போட்டிருந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பாட நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறிப்பு எழுதியிருந்தாள். "தேகியே தோஸ்தோ", பாருங்க நண்பர்களே, என்று ஆரம்பிக்கிறவர்தான். தீவு கொடுத்த ஹிந்தி அன்று எங்களுக்குச் சோறு போட்டது.

அவள் முக்கோணத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி, உள்ளே விவரங்கள் என்ற பக்கத்துக்குப் போய், ஒரு பட்டியலை விரித்தாள். நீளமாக ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி வந்தது. கார்டைச் செய்தது யார், அது எந்த வகை என்பதை அந்த வரி தானே சொல்லிவிடுமாம். அதை நீல மையில் எழுத்தெழுத்தாக எழுதினாள். எழுதியதைத் திரையோடு இரண்டு தடவை ஒத்துப் பார்த்தாள்.

அந்த எண்ணைப் போனில் தேடினாள். நான் ஸ்டிக்கரைப் பார்த்து நினைத்த கார்டே இல்லை அது. ஒரே மாடல் லேப்டாப்பில் இரண்டு விதமான கார்டு போட்டு விற்பார்களாம். கம்பெனியின் பக்கத்தில் இரண்டு வைஃபை டிரைவர்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. நானாக இருந்தால் முதலில் இருப்பதைத்தான் அமுக்கியிருப்பேன். அவள் எண்ணைப் பார்த்து இரண்டாவதை இறக்கினாள்.

இறங்கும் கோடு மெதுவாக நகர்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கத்திரிக்காய் பறித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியவர் பிஸ்வாஸ் தாதா, "க்யா ஹுவா முத்து பாய், லேப்டாப் அபி தக் பந்த்?" என்று குரல் கொடுத்தார், இன்னும் ஓடவில்லையா என்று. "ஹோ ஜாயேகா தாதா", சரியாகிவிடும் என்றேன்.

பொட்டலம்

ஃபைல் இறங்கியது. போனின் சார்ஜர் ஒயரை லேப்டாப்பில் சொருகினாள். சார்ஜ் மட்டுமா, ஃபைலும் அனுப்பவா என்று போன் கேட்டது. அப்படி ஒரு கேள்வியை அது கேட்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஃபைல் லேப்டாப்புக்கு வந்ததுதான் தாமதம், நான் எட்டி அமுக்கிவிட்டேன். பிழை என்று ஒரு பெட்டி வந்து நின்றது.

"போச்சு! இதுவும் ஏறல" என்று கத்தினேன்.

"பொட்டலத்தைப் பிரிக்காம அரிசியை எப்படிங்க உலையில போடுறது?" என்றாள். ஜிப் ஃபைலை முதலில் விரித்து, ஒரு தனி ஃபோல்டரில் போட்டு, மஞ்சள் முக்கோணத்திடம் அந்த ஃபோல்டரைக் காட்டினாள்.

பச்சைக் கோடு ஓடியது. நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு. வெளியே மழை விட்டு, ஓட்டிலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டது.

முக்கோணம் மறைந்தது. கீழ் மூலையில் வைஃபையின் சின்ன விசிறி விரிந்தது. அமுக்கிப் பார்த்தால் பிஸ்வாஸ் தாதா வீட்டுப் பெயர், எதிர் வீட்டுப் பெயர், அதற்குக் கீழே எங்கள் பெயர். மணி பதினொன்று இருபது. தேவகி கடவுச்சொல்லைத் தட்டினாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அது வியர்வை இல்லை.

எனக்கு வந்த பெருமையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. போய் அவளுக்குத் தேத்தண்ணி போட்டேன்.

வாழைப்பூ

மூன்று மணிக்கு வகுப்பு ஆரம்பித்தது. நான் ஊமையாக்கிய ஸ்பீக்கரையும் அதற்குள் தேவகி அதே வழியில் பேசவைத்திருந்தாள். திரையில் நிறுவனத்து மேடம் ஒருவர், இன்னொரு கட்டத்தில் ஏதோ குளிர் நாட்டில் ஸ்வெட்டர் போட்ட ஆறேழு வயதுப் பெண் குழந்தை. நான் கதவோரம் நின்றேன்.

பாடம் மரத்தின் பாகங்கள். ஒரு மாதம் தயாரித்த படங்களை தேவகி வரிசையாகக் காட்டினாள். குழந்தை வாயைத் திறக்கவில்லை. பெயர் கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டது. ஐந்து நிமிஷம் போனது. மேடம் ஏதோ எழுதிக்கொள்வது தெரிந்தது.

தேவகி படங்களை மூடினாள். லேப்டாப்பை அப்படியே இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு எழுந்தாள். எந்த ஒயரும் அதைப் பிடித்து இழுக்கவில்லை. அடுக்களை வழியாகக் கொல்லைப்புறம் இறங்கினாள். வைஃபை கூடவே போனது, நானும் கொல்லைக் கதவு வரை போனேன்.

"பாப்பா, டீச்சர் வீட்டுத் தோட்டத்துக்கு வந்துட்டோம். இது யாரு சொல்லு பார்ப்போம்?"

வாழைமரத்தின் முன்னால் நின்றாள். பூ சிவப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தை நிமிர்ந்து பார்த்தது. முகம் திரைக்குப் பக்கத்தில் வந்தது.

"அது... ஏன்... தொங்குது?"

தமிழில்தான் கேட்டது. தேவகி பதிலைச் சொல்லாமல், "நீயே சொல்லேன், ஏன் தொங்குது?" என்றாள். "வெயிட்டா இருக்கு" என்றது. "வெயிட்டுக்கு நம்ம பாட்டன் பூட்டன் என்ன சொல்வாங்க? கனம்." "கனமா இருக்கு!" அதற்குள் எங்கள் கோழி ஒன்று குறுக்கே ஓட, "கோழி! கோழி!" என்று அந்தக் குழந்தை குளிர் நாட்டில் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டது. இலை, தண்டு, வேர், கமுகம் பாளை என்று இருபது நிமிஷம் கொல்லை முழுவதும் நடந்தார்கள். என் தேவகி கோழிகளுக்கு நடுவில் செருப்பில்லாமல் நடந்து பாடம் நடத்தினாள். கச்சால் ரப்பர் தோட்டத்தில் பேசிய அதே தமிழ்தான். நான் முப்பது வருஷம் எத்தனையோ கப்பல் வந்து சேருவதைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்று வந்து சேர்ந்ததைப் பார்த்ததில்லை.

குழந்தை கையசைத்துவிட்டுப் போனது. தேவகி லேப்டாப்பைத் துவைக்கிற கல் மேல் வைத்தாள்.

"அடுத்த திங்கள்லேருந்து வகுப்பு எடுக்க முடியுமா?" என்றார் மேடம்.

"முடியும் மேடம்" என்றாள் தேவகி.

"படிவத்துல ஒரே ஒரு கேள்வி பாக்கி. கிளாஸ் நடக்கும்போது லேப்டாப்புல ஏதாவது பிரச்சினைன்னா பார்க்குறதுக்கு வீட்டுல ஆள் இருக்காங்களா?"

நான் கதவை விட்டு வெளியே வந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். மறைக்காமல் சொல்கிறேன், என் பெயரைச் சொல்வாள் என்றுதான் நினைத்தேன். இருபத்தாறு வருஷமாக இந்த வீட்டில் நடந்த நல்லது எல்லாவற்றையும் அவள் என் கணக்கில்தான் எழுதியிருக்கிறாள். கிணற்றுக்கு இடம் பார்த்தது அவள், ஊருக்குச் சொன்னது "அவர் பார்த்தார்" என்று. அன்றும் அப்படிச் சொல்லியிருந்தால் நான் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டிருப்பேன்.

தேவகி என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

"நான் இருக்கேன் மேடம். இன்னிக்குக் காலையில இந்த லேப்டாப்பை நான்தான் சரி பண்ணினேன்."

எங்கோ சுருக்கென்று குத்தும் என்று காத்திருந்தேன். குத்தவில்லை. எனக்கு வேலை கிடைத்த அன்றுகூட நெஞ்சு அப்படி நிமிர்ந்ததில்லை. அந்த நேரம் பார்த்து வேலிக்கு மேலே பிஸ்வாஸ் தாதாவின் தலை தெரிந்தது.

"அரே முத்து பாய், ஆகிர் டீக் கர் ஹி தியா ஆப்னே!" கடைசியில் நீங்கள் சரிசெய்தே விட்டீர்களே என்று எனக்கு சபாஷ் போட்டார்.

"நஹி தாதா!" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். "பிகாடா மைனே தா! டீக் மேரி பீவி நே கியா!" கெடுத்தது நான், சரி பண்ணியது என் பெண்டாட்டி.

தேவகி வாயைப் பொத்திக்கொண்டு துவைக்கிற கல்லைக் காட்டினாள். லேப்டாப் இன்னும் திறந்தே இருந்தது, மைக்கும் திறந்தே இருந்தது. உள்ளே மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஹிந்தி தெரியும் சார்" என்றார். "ரெண்டையும் எழுதிக்கிட்டேன்."